பி-ட்ரீ: அந்த ‘பி’ எதுக்கு?

மலேசியாவுல சுங்கை சிப்புட்ல ட்யூஷன் பிள்ளைங்க நோட்ட பார்த்தா பாதி பேரு ‘பி-ட்ரீ = பைனரி ட்ரீ = இரும மரம்’னு எழுதி வச்சிருக்காங்க. தப்புலா, ரெண்டும் கம்ப்யூட்டர்ல தகவல தேடி எடுக்க தோதா அடுக்கி வைக்கிற முறைதான், ஆனா வேற வேற.

இரும மரத்துல ஒரு கணுவுல (நோடு, கிளை பிரியிற இடம்) இருந்து ரெண்டு கிளைதான் பிரியும், அதனால 10 லட்சம் பதிவு இருந்தா சுமார் 20 படி இறங்கணும். பழைய ஹார்ட் டிஸ்க்ல ஒவ்வொரு படிக்கும் சில மில்லிசெகண்ட் போயிரும், கம்ப்யூட்டருக்கு அது ஒரு யுகம். பி-ட்ரீல ஒரே கணுவுல நூத்துக்கணக்குல சாவி (தேடுறதுக்கு அடையாளமா வைக்கிற பேரு, நம்பர் மாதிரி) இருக்கும், டிஸ்க்ல ஒரு தடவ படிக்கிற அளவுக்கு அடக்கி வைப்பாங்க, நூறு நூறா கிளை பிரிஞ்சா 3 படியிலயே 10 லட்சத்த தொட்டுறலாம். எஸ்டேட் ஒப்பிஸ்ல பழைய கிராணி (குமாஸ்தா) செக்ரோல் (ஆள் வருகை, சம்பளக் கணக்கு) தேடுறதும் இப்படித்தான், அலமாரி கதவுல வருஷம், தட்டுல மாசம், அப்புறம் நேரா ஃபைலு.

எனக்கு ரொம்ப புடிச்சது இது வளர்ற விதம். கணு நிரம்பிட்டா ரெண்டா பிளந்து நடு சாவிய மேல தள்ளும், மேல உள்ளதும் நிரம்பியிருந்தா அதுவும் பிளக்கும், கடைசில உச்சியில இருக்கிற முதல் கணுவான வேரே பிளந்து புது வேர் முளைக்கும். நம்ம பால்மரம் (ரப்பர்) நுனியில வளருது, இது வேர்ப்பக்கம் வளருது, அதனாலதான் எல்லா இலையும் (கடைசி அடுக்கு கணு) எப்பவும் ஒரே ஆழத்துல இருக்கு!

பேரு எப்படி வந்துச்சுன்னா, போயிங் ஆராய்ச்சிக்கூடத்துல வேலை செஞ்ச ருடால்ஃப் பேயர், எட்வர்ட் மெக்ரைட் ரெண்டு பேரும் 1970ல இத எழுதுனாங்க, 1972ல ஆய்விதழ்ல வந்துச்சு. ‘பி’க்கு விளக்கம் மட்டும் சொல்லவே இல்ல. பேலன்ஸ்டுங்கிறாங்க, போயிங்ங்கிறாங்க, பேயர்ங்கிறாங்க.

அதனால அந்த எழுத்த மொழிபெயர்க்காம வேலைய வச்சு ‘பல்கிளைத் தேடல் மரம்’னு சொன்னா சரியா இருக்கும்னு நெனக்கிறேன், சமநிலைங்கிறதயும் முன்னாடி சேத்தா இன்னும் சுத்தம், ஆனா வாய் வலிக்கும். நோடுக்கு ‘கணு’ போதும், மூங்கில்ல கரும்புல பார்த்த சொல்லுதானே.

விண்டோஸ் ஃபோல்டர்ல ஃபைல் தேடுறதுலயும், ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் மெசேஜ் வச்சிருக்கிற எஸ்கியூலைட்ங்கிற தகவல்தள மென்பொருள்லயும் இந்தக் குடும்பம்தான் ஓடுது. பி-பிளஸ்னு ஒரு வகையும் இருக்கு, அதுல தகவல் பூரா இலையிலதான், இலைங்கள வரிசையா கோத்தும் வச்சிருப்பாங்க, ஜனவரில இருந்து மார்ச் வரைக்கும்னு மொத்தமா எடுக்க அதான் தோது.