தொற்றுக் காலத்தில் முதியோர் இல்லம்: குடும்பத்தார் எதையெல்லாம் கேட்கலாம்?

2020 மார்ச் 20 மாலை, கொரோனாத் தொற்றால் இலங்கை முழுக்க ஊரடங்கு விழுந்தது. பிள்ளைகள் கொழும்பு வெள்ளவத்தையில், அம்மா முதியோர் இல்லத்தில். போய்ப் பார்க்க வழியில்லை. இன்னொரு தொற்று வருவதற்குள் சில விஷயங்களைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஐந்து பேருக்கு மேற்பட்ட முதியோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இடம் பதிவு செய்யப்பட வேண்டும். ஆகவே முதலில் கேட்க வேண்டியது பதிவுச் சான்றிதழ். அதைக் காட்டத் தயங்கினால் பிரதேச செயலகத்தில் முதியோர் விடயங்களைப் பார்க்கும் உத்தியோகத்தரிடம் போங்கள். இல்லம் இருப்பது வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி என்றால் திம்பிரிகஸ்யாய செயலகம். கொட்டாஞ்சேனை என்றால் கொழும்பு செயலகம். தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம், அது உங்கள் உரிமை.

தொற்று உள்ளே வந்தால் இல்லம் அந்தப் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு உடனே சொல்ல வேண்டும். ஆனால் முதியவர்களிடம் அதைக் கண்டுபிடிப்பதே சிரமம். எண்பது வயதுக்காரருக்குக் காய்ச்சல் அடிக்காமலே போகலாம். திடீரென்று ஆளைத் தெரியாமல் பேசுவார், சாப்பாட்டை ஒதுக்குவார், குளியலறைக்குப் போகையில் விழுவார். 'வயசாச்சு, அப்படித்தான்' என்று யாரும் விட்டுவிடக் கூடாது. நிலை மோசமானால் 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

கிளினிக் மருந்தும் முக்கியம். பிரஷர், சீனி வருத்தத்துக்கான குளிசை நின்றுபோனால் அதுவே ஆளைச் சாய்த்துவிடும். 2020இல் தபால்காரர்கள் கிளினிக் மருந்தை வீடுகளுக்குக் கொண்டுவந்து தந்தார்கள். அந்த ஏற்பாட்டை நம்பி இருக்காமல், மருந்து விவரம் எழுதியிருக்கும் கிளினிக் கொப்பியின் படமொன்றை உங்கள் ஃபோனில் வைத்திருங்கள்.

அப்புறம், எனக்கு மிகவும் வலிக்கும் விஷயம் தனிமை. பார்வையாளரை நிறுத்துவதற்குக் காரணம் உண்டு, ஏற்றுக்கொள்கிறேன். அதற்காகப் பேச்சையும் நிறுத்தத் தேவையில்லை. பராமரிப்பவர்கள் சிங்களம் மட்டும் பேசுகிற இடத்தில், தமிழ் மட்டுமே தெரிந்த அம்மம்மா ஒருவர் நாள் முழுக்க வாய் திறக்காமல் இருக்கக்கூடும். தினமும் ஒரு நேரம் குறித்து வீடியோ அழைப்பு எடுத்துத் தரும்படி இல்லத்தாரிடம் இப்போதே கேளுங்கள். காது மந்தமானவருக்கு முகம் தெரிந்தால்தான் பேச்சு புரியும். மனம் உடைந்துபோனால் பேசுவதற்கு 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கமும் இருக்கிறது. முதியவருக்கும் சரி, பார்க்க முடியாமல் தவிக்கும் மகளுக்கும் சரி.