உறைபனி பொழியாது

மார்கழி பிறந்தால் போதும், 'ஊட்டியில் கடும் பனிப்பொழிவு' என்று செய்தி வந்துவிடுகிறது. படத்தில் ஊட்டியை அடுத்த தலைக்குந்தா புல்வெளி வெளுத்துக் கிடக்கும். அங்கே வானிலிருந்து எதுவும் பொழியவில்லை. அது உறைபனி, ஆங்கிலத்தில் ஃப்ராஸ்ட். பனிப்பொழிவு என்பது ஸ்னோ விழுவதற்கு உரிய சொல்.

ஃப்ராஸ்ட், உறைதலைக் குறிக்கும் ஃப்ரீஸ் என்ற வினையோடு ஒரே வேரில் பிறந்தது. ஸ்னோ, மேகத்திலிருந்து விழுவதன் பெயர். நம் 'பனி' இரண்டையும்விட அகலமானது. குளிர், பனித்துளி, நடுக்கம் எல்லாம் அதற்குள் அடக்கம். வெறும் பனி என்று எழுதினால்கூடக் குற்றமில்லை. பொழிவைச் சேர்ப்பதுதான் கெடுக்கிறது.

இரண்டும் உண்டாகும் விதமே எதிரெதிர். ஸ்னோவுக்கு மேகம் வேண்டும். உறைபனிக்கு மேகம் ஆகாது. வானம் துடைத்துவிட்டாற்போல் தெளிந்து, காற்றும் அசையாத இரவில் நிலத்தின் சூடு தடையில்லாமல் மேலே போய்விடும். குளிர்ந்த காற்று கனத்து, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். புல்நுனி பூஜ்ஜியத்துக்குக் கீழே போனதும் அதைத் தொடும் நீராவி அங்கேயே பனிக்கட்டியாகப் படியும். ஆளுயரத்தில் 2, 3 டிகிரி இருக்கும்போதே தரையில் இது நடக்கும். மேட்டுத் தேயிலை தப்பிக்க, பள்ளத்துத் தேயிலை கருகுவது இதனால்தான். ராத்திரி மேகம் மூடினால் தேயிலைக்காரருக்கு நிம்மதி. 'பொழிவு' என்று படித்தவரோ அதே மேகத்தைப் பார்த்துப் பயப்படுவார்.

'பனி கொட்டுது' என்று பேச்சில் சொல்கிறோமே என்பார்கள். சரி, அது எல்லாப் பனிக்கும் பொதுவான பேச்சு. பனிப்பொழிவு அப்படியல்ல, காஷ்மீர்ச் செய்தியிலும் அதே சொல்தான் வருகிறது. அதை நம்பிக் குழந்தைகளோடு மலையேறி வருகிறவர்கள், பனியை உருண்டை பிடித்து விளையாட எங்கே போக வேண்டும் என்று கேட்கிறார்கள். அவர்கள் வந்து சேரும்போது வெயில் ஏறி, ஈரப்புல்தான் மிச்சம்.

மலையில் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் இலையை நனைப்பது நீர்ப்பனி. அப்புறம் குளிர் முற்றினால் உறைபனி. தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளைக் கோத்தகிரி மிலார் என்ற செடியைக் கொண்டு மூடுவது இந்த உறைபனிக்குப் பயந்துதான். கையருகே இருக்கும் சொல்லை விட்டுவிட்டு அகராதியைப் புரட்டும் மொழிபெயர்ப்பாளர்கள், இப்போது ஸ்னோவையும் உறைபனி என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள். இருந்த ஒரு தெளிவும் இதனால் போகிறது.

ஸ்னோவுக்கு வெண்பனி என்ற நல்ல சொல் இருக்கிறது. அது விழுந்தால் பனிப்பொழிவு. ஃப்ராஸ்டுக்கு உறைபனி. அதற்கு வினை எழுதும்போது 'படிந்தது' என்று எழுதுங்கள், 'பொழிந்தது' வேண்டாம்.