வெற்றிடத்தின் சூடு யார் கடிகாரத்தில்?

வெற்றிடத்துக்குச் சூடு உண்டா என்று யாராவது கேட்டால் உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். ‘யாருடைய கடிகாரத்தில்?’ என்று திருப்பிக் கேளுங்கள். இது குதர்க்கம் இல்லை, துகள்களை வெளியெங்கும் பரவிய புலங்களின் அதிர்வுகளாகப் பார்க்கும் குவாண்டம் புலக் கோட்பாட்டில் அதைச் சொல்லாமல் கேள்வியே முழுமையாகாது.

பெட்டிக்குள் அடைத்த வாயு என்றால் விஷயம் எளிது. ஒவ்வொரு ஆற்றல் நிலைக்கும் போல்ட்ஸ்மன் சொன்ன எடையைப் போட்டுக் கூட்டினால் வெப்பச் சமநிலை கிடைத்துவிடும். எல்லையில்லாத வெளியில் பரந்து கிடக்கும் புலத்துக்கு அந்தக் கூட்டுத்தொகை முடிவிலிக்கு ஓடிவிடுகிறது. அதனால் 1957-இல் கூபோவும் 1959-இல் மார்ட்டினும் ஷ்விங்கரும் கவனித்த ஒரு பண்பை எடுத்து, 1967-இல் ஹாக், ஹூகன்ஹோல்ட்ஸ், வின்னிங்க் மூவரும் அதையே சமநிலையின் வரையறை ஆக்கினார்கள். கூபோ, மார்ட்டின், ஷ்விங்கர் பெயர்களின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து கே.எம்.எஸ். நிலை என்று பெயர்.

பெயர்தான் மிரட்டும், அந்தப் பண்பு எளியதுதான். இரண்டே ஆற்றல் படிகள் உள்ள ஒரு குட்டிக் கருவியைப் புலத்துக்குள் விட்டுவைப்போம், ஓர் அணு என்றே வைத்துக்கொள்ளுங்கள். அது புலத்திடம் ஆற்றல் வாங்கி மேலே ஏறும், திருப்பிக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கும். படிகளின் இடைவெளி கூடக் கூட, இறக்கத்தோடு ஒப்பிட்டால் ஏற்றம் அடுக்குக்குறி வேகத்தில் அரிதாகிக்கொண்டே போக வேண்டும், அந்தச் சரிவை முடிவு செய்யும் எண் எந்த இடைவெளியை எடுத்தாலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். அந்த எண்தான் வெப்பநிலை. இதில் ‘ஆற்றல்’ என்பது கருவியோடு கூடவே போகும் கடிகாரத்தில் அளந்த அதிர்வெண்தான் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

சரி, வெற்றிடத்தில் இந்தக் கருவி சீரான வேகத்தில் போனால் மேல்படிக்கு ஏறவே ஏறாது. பூஜ்ய வெப்பநிலை. அதே வெற்றிடத்தில் மாறாத முடுக்கத்தோடு போனால் ஏறுகிறது, அதுவும் மேலே சொன்ன விகிதத்தில் துல்லியமாக! ஃபுல்லிங், டேவிஸ் இருவரின் வேலையைத் தொடர்ந்து 1976-இல் உன்ரு இதைக் காட்டினார்.

ஏன் இப்படி? முடுக்கத்தில் போகிறவருக்குப் பின்னால் ஓர் அடிவானம் உருவாகிவிடும், அதற்கு அப்பால் கிளம்பும் ஒளி அவரை எட்டிப் பிடிக்கவே முடியாது. பூமியின் ஈர்ப்பு முடுக்கத்தோடு போனால் ஏறக்குறைய 1 ஒளியாண்டு பின்னால் இருக்கும். இரு பக்கத்துப் புலமும் பின்னிப் பிணைந்தது, ஒரு பாதி மறைந்துவிட்டால் மிச்சப் பாதி கலங்கலாகத்தான் தெரியும். அந்தக் கலங்கல் ஏன் அச்சு அசலாக வெப்பமாகவே இருக்க வேண்டும் என்பது வேறு கதை, எனக்குப் பிடித்த கதை. காலத்தைக் கற்பனை எண்ணாக மாற்றிப் பார்த்தால், சமநிலையில் உள்ள புலம் ஒரு குறிப்பிட்ட இடைவெளியில் தன்னையே திரும்பச் சொல்லும், அந்த இடைவெளி குறையக் குறைய வெப்பநிலை ஏறும். முடுக்கத்தில் போகிறவரின் காலமோ அந்த மாற்றத்தில் ஒரு கோணமாகிவிடுகிறது, கோணம் என்றால் ஒரு முழுச் சுற்றில் கிளம்பிய இடத்துக்கே வந்தாக வேண்டுமே. முடுக்கத்திலிருந்து வெப்பநிலையைத் தரும் உன்ருவின் சூத்திரத்தில் 2 பை இருப்பது இதனால்தான்.

அளவு மட்டும் அற்பம். பூமியின் ஈர்ப்பு முடுக்கத்துக்கு வரும் வெப்பநிலையை எழுதத் தசமப் புள்ளிக்குப் பின்னால் 19 பூஜ்யங்கள் போட்டு அப்புறம் ஒரு 4 போட வேண்டும், கெல்வினில். 1 கெல்வின் வேண்டுமென்றால் முடுக்கம் விநாடிக்கு விநாடி 2.5 × 10²⁰ மீட்டர்.

அப்படியானால் முடுக்கமில்லாமல் ஓரமாக நின்று பார்ப்பவருக்கு என்ன தெரியும்? கருவி மேலே ஏறியது அவருக்கும் தெரியும். ஆனால் கருவி துகளை விழுங்கியதாக அவர் சொல்லமாட்டார், உமிழ்ந்தது என்பார்! 1984-இல் உன்ருவும் வால்டும் கணக்குப் போட்டுக் காட்டியது இது. ஆற்றலுக்கான செலவு, கருவியை இழுத்துப் போகும் எஞ்சினின் கணக்கில் எழுதப்படுகிறது.

கருந்துளையிலும் இதே ஆட்டம்தான், அங்கே அடிவானம் என்பது ஒளிகூட வெளியே வர முடியாத எல்லை. சூரியன் அளவு நிறையுள்ளதற்கு தூரத்தில் அளந்தால் சுமார் 6 × 10⁻⁸ கெல்வின். அதோடு சமநிலையில் உள்ள புலத்தில், அடிவானத்துக்கு அருகே அசையாமல் நிற்பவருக்குச் சூடு எக்கச்சக்கமாக ஏறும், அங்கேயே தடையின்றி விழுகிறவருக்கு அதில் எதுவும் உறைக்காது.

சுழலும் கருந்துளைக்கு மட்டும் இந்தச் சமநிலை வாய்ப்பதில்லை. 1991-இல் கே, வால்ட் இருவரும் அப்படியொரு நிலையே இருக்க முடியாது என்று நிறுவினார்கள். அடிவானத்தோடு சேர்ந்து சுற்றும் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு தூரமாகப் போனால், ஓர் எல்லைக்கு அப்பால் அதோடு சேர்ந்து சுற்ற ஒளியை விட வேகமாக ஓட வேண்டியிருக்கும்.