அத்திப்பழம்: நிறம் சொல்வதை நம்பாதீர்கள்

உணவு ஆலோசனைக்கு வருபவர்கள் அத்திப்பழத்தைப் பற்றிக் கேட்டால், எந்த அத்திப்பழம் என்றுதான் முதலில் திருப்பிக் கேட்பேன். உலர்ந்த பழத்தைப் பற்றிப் படித்ததையெல்லாம் புதிய பழத்தின் மீது ஏற்றிவைத்துக்கொண்டு, ஒருவர் பயந்து ஒதுக்குகிறார்; இன்னொருவர் மருந்துபோல எண்ணி விழுங்குகிறார். இரண்டும் ஒரே மரத்துப் பழம்தான். ஆனால் தட்டில் வரும்போது அவை வேறு வேறு உணவுகள். புதிய பழம் 100 கிராமில் ஏறக்குறைய 79 கிராம் தண்ணீர். சர்க்கரை 16 கிராம், ஆற்றல் 74 கலோரி. அதே 100 கிராம் உலர் பழத்தில் சர்க்கரை 48 கிராமைத் தொடும், கலோரி 250-ஐ நெருங்கும். நார்ச்சத்தும் கால்சியமும் உலர் பழத்தில் கூடுதலாகத் தெரிவதற்கும் பெரும்பாலும் காரணம் இதுதான்: தண்ணீர் போய்விட்டது, மற்றவை செறிந்துவிட்டன.

புதிய பழத்தில் பலர் தோற்பது வாங்கும் இடத்தில்தான். வாழையையும் மாம்பழத்தையும்போல, காயாக வாங்கி வீட்டில் வைத்துப் பழுக்க விடலாம் என்ற கணக்கு அத்தியிடம் செல்லாது. முற்றாமல் பறித்த அத்தி நாளடைவில் மெத்தென்று ஆகும், இனிப்பு ஏறாது. மரத்திலேயே பழுத்ததுதான் பழம். சிக்கல் என்னவென்றால், நன்கு பழுத்த அத்தி தொட்டாலே நசுங்கும், தொலைதூரப் பயணம் தாங்காது. அதனால் சற்று முன்கூட்டியே பறித்துவிடும் ஆசை விற்பவர்களுக்கு எப்போதும் உண்டு. அத்தி என்றாலே சப்பென்று இருக்கும் என்று முடிவு கட்டியிருப்பவர்களில் பலர், உண்மையில் பழுத்த பழம் ஒன்றைத் தின்றிருக்கவே மாட்டார்கள்.

நிறத்தை அளவுகோலாக வைக்காதீர்கள். கடோட்டா, அட்ரியாட்டிக் போன்ற வகைகள் பழுத்த பிறகும் பச்சையாகவோ மஞ்சள் கலந்த பச்சையாகவோதான் இருக்கும். பிளாக் மிஷன் கருஊதா, பிரவுன் டர்க்கி பழுப்பு. கண்ணைவிட விரல் நம்பகமானது. உள்ளங்கையில் வைத்து மிக லேசாக அழுத்தினால் பழம் இணங்க வேண்டும்; ஆனால் குழையக் கூடாது. காம்பை ஒட்டிய கழுத்து விறைப்பாக நிற்காமல் தளர்ந்து சாய்ந்திருந்தால் நல்ல அறிகுறி. தோலில் மெல்லிய வெடிப்புக் கோடுகள் இருந்தால் தள்ளிவிடாதீர்கள். உள்ளே சாறு நிறைந்ததால் தோல் விரிந்திருக்கிறது, அவ்வளவுதான். அடிப்பக்கத் துளையில் ஒரு சொட்டுத் தேன்போலத் திரண்டு நின்றால், அந்தப் பழத்தை அன்றைக்கே தின்றுவிட வேண்டும்.

அந்தத் துளையை மோந்தும் பாருங்கள். அத்தி உண்மையில் உட்புறமாகத் திரும்பிய பூக்கொத்து. துளை அதன் வாசல். ஈஸ்ட்டும் சிறு பூச்சிகளும் அதன் வழியே உள்ளே போகலாம் என்பதால், வெளியே அழகாக இருக்கும் பழமும் உள்ளுக்குள் புளித்திருக்கலாம். காடி வாசனை வந்தாலோ துளையில் நுரை தெரிந்தாலோ வேண்டாம். பெட்டியில் அடைத்து விற்றால், திருப்பி அடிப்பகுதி நனைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் கழுவி வைக்கும் பழக்கம் இங்கே எதிரி. ஈரம் பட்டால் பூஞ்சை வேகமாகப் பிடிக்கும். ஒன்றன்மீது ஒன்று அடுக்காமல், காகிதம் விரித்த தட்டில் ஒரே வரிசையாகக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். இரண்டு மூன்று நாட்களுக்குள் தீர்த்துவிடுங்கள். தின்பதற்கு அரை மணி நேரம் முன்பு வெளியே எடுத்தால் மணம் திரும்பும். கழுவுவது அதன் பிறகுதான், அதுவும் ஓடும் நீரில் சட்டென்று. ஊற வைத்தால் வெடிப்புகள் வழியே தண்ணீர் உள்ளே போகும்.

காம்பின் நுனியை வெட்டி எறிந்துவிட்டு, பழத்தை இரண்டாகப் பிளந்து பார்த்த பிறகே வாயில் போடுங்கள். உள்ளே கரிப்பொடி தூவியதுபோலத் தெரிந்தால் அது பூஞ்சை. அந்தப் பக்கத்தை மட்டும் வெட்டி நீக்கிவிட்டு மிச்சத்தைத் தின்ன வேண்டாம், முழுப்பழத்தையும் எறியுங்கள். தோலை உரிக்கத் தேவையில்லை, நார்ச்சத்தில் ஒரு பங்கு அதில்தான் இருக்கிறது. பழத்துக்குள் குளவி இருக்குமா என்று சைவ உணவுக்காரர்கள் தயங்கிக் கேட்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன்: மேலே சொன்ன நான்கு வகைகளும் குளவியின் உதவியில்லாமலே காய்ப்பவை. ஸ்மிர்னா போன்ற சில வகைகளுக்குத்தான் குளவி தேவை. பல்லில் நறநறப்பது விதை.

காம்பில் வெள்ளைப் பால் கசிந்தால் பழம் இன்னும் முற்றவில்லை என்று பொருள். அந்தப் பாலில் புரதத்தைச் சிதைக்கும் ஃபிசின் என்ற நொதி இருக்கிறது. உதடும் நாக்கும் எரிவதற்கு அது காரணமாகலாம். மரத்திலிருந்து நீங்களே பறிப்பவர் என்றால் இன்னும் கவனம் தேவை. இலையிலும் பாலிலும் உள்ள சில வேதிப்பொருட்கள் தோலில் பட்டு, அதன்மேல் வெயிலும் பட்டால், தீக்காயம் போன்ற கொப்புளங்கள் வரும். தழும்பு வாரக்கணக்கில் நிற்கும். கையுறையும் முழுக்கைச் சட்டையும் போதும். ரப்பர் கையுறையே ஒவ்வாதவர்களுக்கு அத்தியும் ஒவ்வாமல் போகலாம். தின்றபின் வாய் அரித்தாலோ உதடு வீங்கினாலோ நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

சர்க்கரை நோயாளிகளிடம் புதிய அத்தியைத் தொடவே கூடாது என்று நான் சொல்வதில்லை. நடுத்தரப் பழம் ஒன்று சுமார் 50 கிராம், அதில் சர்க்கரை 8 கிராம். ஒரு வேளைக்கு ஒன்று அல்லது இரண்டு, சாறாக அடிக்காமல் முழுப்பழமாக, கொஞ்சம் கொட்டைப்பருப்புகளோடு. முதல் முறை தின்று இரண்டு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பாருங்கள். என் அறிவுரையைவிட அந்த எண் உங்களுக்கு நன்றாக வழிகாட்டும். பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்தச் சொல்லப்பட்ட சிறுநீரக நோயாளிகள் மட்டும் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். 100 கிராம் புதிய பழத்தில் சுமார் 230 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு, உலர்ந்ததில் அது ஏறத்தாழ மூன்று மடங்கு. மலச்சிக்கலுக்காகத் தின்பவர்கள் தண்ணீரையும் கூடவே குடிக்க வேண்டும், ஒரே நாளில் பத்துப் பழம் என்று இறங்கினால் வயிற்றுப்போக்குதான் மிஞ்சும்.

பாலோடு அடித்துக் குடிக்க விரும்பினால் உடனே குடித்துவிடுங்கள். ஃபிசின் பாலைத் திரிய வைக்கக்கூடியது. ஜெலட்டின் இனிப்பில் பச்சையாகப் போட்டால் அது உறையாமல் நிற்பதற்கும் அதுவே காரணம். சூடேற்றினால் நொதி செயலிழந்துவிடும்.

இத்தனை பார்த்து வாங்கியும் சில நேரம் பழம் சப்பென்றுதான் வாய்க்கும். அவற்றைப் பாதியாக வெட்டி, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி சூடான வாணலியில் சில நிமிடம் வைத்து எடுங்கள். நீர் வற்றி, இருக்கிற இனிப்பு திரண்டு வரும். மேலே தேன் ஊற்றுவது வழக்கம். சர்க்கரையைக் கவனிக்க வேண்டியவர்கள் எலுமிச்சைச் சாறு பிழிந்துகொள்ளுங்கள்.