பூட்டுக்குள் துழாவும் எஃகுக் கம்பி

பூட்டுகளைச் சாவியில்லாமல் திறந்து பழகும் பொழுதுபோக்கில் இறங்குபவர்கள் முதலில் தேடுவது கருவிப் பெட்டியைத்தான். தோல் உறைக்குள் இருபது முப்பது கம்பிகளை வரிசையாகச் செருகி விற்கிறார்கள். ஒன்றின் நுனி கொக்கி, இன்னொன்று அலை, மற்றொன்று முக்கோணம், வேறொன்றில் பாதி உருண்டை. பார்க்க அமர்க்களமாக இருக்கும். வாங்கிய பிறகு அவற்றில் பெரும்பாலானவை உறையை விட்டு வெளியே வரவே வராது. தொடங்குபவருக்கு வேண்டியது நல்ல ஹூக் (கொக்கி நுனிக் கம்பி) ஒன்று, உருளையைத் திருப்ப உதவும் டென்ஷன் ரெஞ்ச் அளவு மாறி இரண்டு மூன்று. ஆசைக்கு ஒரு ரேக் (அலை நுனிக் கம்பி) சேர்த்துக்கொள்ளலாம். அவ்வளவுதான். ஏன் இவ்வளவு குறைவு என்பதற்குப் பதில் பூட்டின் உள்ளே இருக்கிறது.

இன்று பரவலாகப் புழங்கும் பின் டம்ளர் பூட்டை எடுத்துக்கொள்வோம். லைனஸ் யேல் என்ற ஒரே பெயர் கொண்ட தந்தையும் மகனும் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் இதற்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தார்கள். தட்டையான, பல் வெட்டிய சாவி மகனுடைய கைவண்ணம். அசையாத கூட்டுக்குள் திரும்பக்கூடிய உருளை ஒன்று இருக்கும். கூட்டையும் உருளையையும் சேர்த்துத் துளைத்த ஐந்து அல்லது ஆறு துளைகள், ஒவ்வொன்றிலும் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பின்கள் (சிறு உலோகக் குச்சிகள்), அவற்றை உருளைப் பக்கம் தள்ளும் சிறிய ஸ்பிரிங். பூட்டியிருக்கும்போது ஸ்பிரிங் பக்கத்துப் பின் பாதி கூட்டிலும் பாதி உருளையிலுமாக நின்று வழிமறிக்கும். சரியான சாவி நுழைந்தால் எல்லா ஜோடிகளுக்கும் நடுவிலுள்ள பிரிவு, உருளையும் கூடும் சந்திக்கும் கோட்டில் வந்து நிற்கும். உருளை திரும்பிவிடும்.

வரைபடத்தில் இருப்பதுபோல அச்சு பிசகாமல் ஒரு பூட்டைச் செய்ய முடிந்தால், பின்களை ஒவ்வொன்றாக நகர்த்தித் திறப்பது நடக்காத காரியம். ஆனால் எந்த இயந்திரமும் துளைகளை நூல் பிடித்தாற்போல ஒரே நேர்க்கோட்டில் போடுவதில்லை. மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு அங்கே இங்கே விலகும். அதனால் உருளையை லேசாகத் திருப்ப முயன்றால் எல்லாப் பின்களும் ஒரே சமயத்தில் நெரிபடாது. ஏதோ ஒன்று முதலில் மாட்டும். அதை மட்டும் தூக்கினால் பிரிவு கோட்டுக்கு வரும் கணத்தில் உருளை ஒரு துளி திரும்பும், மேல் பின் அந்த விளிம்பில் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் நெரிசல் அடுத்த பின்னுக்குப் போகும். இப்படி ஒவ்வொன்றாக.

முதல் பின் உட்காரும் அந்தக் கணம் கைக்கு எப்படித் தெரிகிறது? ஹூக்கின் நுனியால் பின்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தால், மாட்டாதவை ஸ்பிரிங்கின் மீது சுலபமாக மிதக்கும். மாட்டிய பின் மட்டும் கல்லுப்போல நிற்கும். அதை மெல்ல மேலே தள்ளும்போது சின்னதாக ஒரு ‘டிக்’. காதுக்குக் கேட்டாலும் கேட்கும், கேட்காமலும் போகும். விரலுக்குக் கட்டாயம் கேட்கும். நம் தோலின் ஆழத்தில் பாசினியன் நுண்ணுறுப்புகள் என்ற அதிர்வு உணரிகள் இருக்கின்றன. நொடிக்கு 200 முதல் 300 வரையிலான அதிர்வுகளுக்குத்தான் அவை அதிகம் கூர்மை. அந்த அதிர்வெண்ணில் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான அசைவைக்கூட விரல் கண்டுகொள்ளும்.

ஆக, பூட்டுக்குள் போகும் கம்பி நெம்புகோல் என்பதைவிட உணர்கருவி என்பதுதான் பொருத்தம். நுனியில் நடக்கும் நுணுக்கமான அசைவை விரல்வரை கெடாமல் கொண்டுவந்து சேர்ப்பது அதன் முதல் வேலை. பின்னைத் தூக்குவது இரண்டாவது வேலை. எதை வாங்குவது, எப்படிப் பேணுவது என்ற கேள்விகளை இந்த வரிசையில் யோசித்தால் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

கைப்பிடியில் தொடங்கலாம். தடித்த ரப்பர் உறை கைக்கு மெத்தென்றுதான் இருக்கும். ஆனால் ரப்பர் அதிர்வை விழுங்கும். வண்டிகளிலும் இயந்திரங்களிலும் அதை வைப்பதே அதற்காகத்தான். வெறும் எஃகுப் பிடியோ, எஃகின் மீது இறுக்கமாகப் பொருத்திய கெட்டியான பிளாஸ்டிக்கோ இருந்தால் போதும். வெறும் எஃகுப் பிடி அதிக நேரம் பழகினால் விரலில் தடம் பதிக்கும். அதற்காக மென்மையான உறையைத் தேடிப் போகவேண்டாம். பிடியின் அகலம் தாராளமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து தடிமன். ஹூக்குகள் பெரும்பாலும் 0.4 முதல் 0.65 மில்லிமீட்டர் வரை தடிமனில் வருகின்றன. சாவித்துளை அகலமாக இருந்தால் தடித்ததும் நுழையும். வளைந்து நெளிந்த குறுகலான துளைக்கு மெல்லியதுதான் சரிப்படும். மெல்லியது உடனே வளைந்துவிடுமே என்று பயப்படுவார்கள். இங்கே எந்தத் திசையில் வளைகிறது என்று பார்க்கவேண்டும். பின்னைத் தூக்கும்போது கம்பி மேலும் கீழுமாக வளையப் பார்க்கிறது. அந்தத் திசையில் விறைப்பு, கம்பியின் உயரத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். தடிமனுக்கு வெறும் நேர் விகிதம்தான். 2 மில்லிமீட்டர் உயரத்தை 2.5 ஆக்கினால் விறைப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். 0.4 தடிமனை 0.6 ஆக்கினால் கிடைப்பது ஒன்றரை மடங்குதான். பக்கவாட்டில் கணக்கு தலைகீழ்: அங்கே தடிமன்தான் மும்மடியாகப் பேசும், 0.4-க்கும் 0.6-க்கும் மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம் வரும். அதனால் மெல்லிய கம்பி பெரும்பாலும் பக்கவாட்டில் முறுக்கும்போதுதான் கோணுகிறது. நேராகத் தூக்கப் பழகியவர் கையில் அது நெடுநாள் உழைக்கும்.

எஃகின் ரகம் பற்றி விற்பவர்கள் நிறையச் சொல்வார்கள். இந்த எஃகு அதிக விறைப்பு, அது குறைவு என்பதில் பெரிய சாரமில்லை. நாம் எதிர்கொள்ளும் எந்த எஃகுக்கும் மீள்தன்மை எண் (விறைப்பைக் காட்டும் அளவு) ஏறக்குறைய ஒன்றுதான், சுமார் 200 கிகாபாஸ்கல். ஒரே வடிவில் வெட்டிய இரண்டு ரக எஃகும் சிறு விசைக்கு ஒரே அளவுதான் வளையும். வித்தியாசம் அதற்கப்புறம் தெரியும்: விட்டதும் பழைய நிலைக்குத் திரும்புகிறதா, வளைந்தபடியே நின்றுவிடுகிறதா, முறிகிறதா? மலிவுத் தொகுப்புகளில் வரும் மென்மையான எஃகு சீக்கிரம் வளைந்தபடி நின்றுவிடும். கார்பன் மிகுந்த ஸ்பிரிங் எஃகு நன்றாகத் திரும்பும், ஆனால் துருப்பிடிக்கும், அளவுக்கு மீறிக் கடினமாக்கியிருந்தால் முறியும். குளிர்ந்த நிலையில் உருட்டிக் கடினமாக்கிய 301 ரக துருப்பிடிக்காத எஃகு தொடங்குபவருக்கு நல்ல நடுவழி. உருட்டும்போது அதன் படிக அமைப்பில் ஒரு பகுதி மாறிவிடுவதால், சாதாரணமாகக் காந்தம் ஒட்டாத அந்த எஃகில் காந்தம் சற்று ஒட்டும். அதைப் பார்த்துப் போலிச் சரக்கு என்று முடிவுகட்ட வேண்டாம்.

நுனி வடிவத்துக்கு வந்தால், என் ஓட்டு குட்டையான ஹூக்குக்கே. ரேக்கை உள்ளே விட்டு முன்னும் பின்னும் ஆட்டினால் மலிவான பூட்டுகள் சட்டென்று திறக்கும். குஷியாக இருக்கும், ஆனால் எந்தப் பின் எப்போது உட்கார்ந்தது என்பது தெரியவே தெரியாது. கற்றுக்கொள்ள வந்தவருக்கு அதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

யாரும் அதிகம் பேசாத ஆள் டென்ஷன் ரெஞ்ச். உருளையைத் திருப்ப முயலும் சிறு கம்பி அதுதான். பூட்டிலிருந்து வரும் செய்தியில் பாதி அதன் வழியாகத்தான் வருகிறது. சாவித்துளையில் பின்களுக்கு எதிர்ப்புற ஓரத்தில் செருகும் வகை ஒன்று. பின்கள் இருக்கும் பக்கமே வாயோரத்தில் இடுக்கும் குட்டை வகை இன்னொன்று. இரண்டாவது வகை ஹூக்குக்கு நிறைய இடம் விட்டுத்தரும். நீளம் கொஞ்சம் கூடினாலும் முதல் பின்னைத் தொட்டுக் காரியத்தைக் கெடுக்கும். தடிமன் துளைக்குப் பொருந்தாவிட்டால் வழுக்கிக்கொண்டே இருக்கும். இரண்டு மூன்று தடிமனில் வாங்கச் சொல்வது இதற்காகத்தான். கார் வைப்பரின் ரப்பருக்கு உள்ளே ஓடும் மெல்லிய எஃகுப் பட்டையை வளைத்துத் தாங்களே செய்துகொள்பவர்களும் நிறையப் பேர். அதுவும் பழுதில்லாத கருவிதான்.

எவ்வளவு அழுத்தம்? கணினி விசைப்பலகையில் ஓர் எழுத்தைத் தட்டுவதைவிடக் குறைவாக. உராய்வு, பின்னை நெரிக்கும் விசைக்கு நேர் விகிதத்தில் கூடுகிறது. ரெஞ்சை இரண்டு மடங்கு அழுத்தினால் ஹூக்கும் ஏறக்குறைய இரண்டு மடங்கு தூக்கவேண்டும். ஒரே சமயத்தில் பல பின்கள் நெரிபட்டு, எது முதலாவது என்பதும் தெரியாமல் போகும். ஹூக் வளைந்துபோனதற்கு எஃகைக் குறை சொல்பவர்கள் பெரும்பாலும் மறு கையைக் கவனிப்பதில்லை. கருவிப் பராமரிப்பு உண்மையில் ரெஞ்சைப் பிடித்த விரலில்தான் தொடங்குகிறது.

பொறுமைக்கு இந்தத் துறையில் ஒரு பெரிய முன்னுதாரணம் உண்டு. லண்டனில் பிராமா நிறுவனம் தன் பூட்டைத் திறப்பவருக்கு 200 கினி (பழைய பிரிட்டிஷ் பணக் கணக்கு) பரிசு என்று கடை ஜன்னலிலேயே அறிவித்து வைத்திருந்தது. பல பத்தாண்டுகளாக யாருக்கும் கிடைக்கவில்லை. 1851இல் மாபெரும் கண்காட்சிக்காக அங்கே வந்திருந்த அமெரிக்கப் பூட்டுக்காரர் ஆல்ஃபிரட் சார்ல்ஸ் ஹாப்ஸ் அதைத் திறந்தார். 16 நாள்களில் பரவிய 51 மணி நேர வேலை அது.

சரி, கருவி கைக்கு வந்தாயிற்று. முதல் வேலை, விளிம்புகளை நகத்தால் வருடிப் பார்ப்பது. தகட்டிலிருந்து வெட்டியெடுத்த கம்பியில் பிசிறு இருக்கும். பூட்டின் பின்னும் உருளையும் பெரும்பாலும் பித்தளை. எஃகுப் பிசிறு அதைச் சுரண்டும், சுரண்டும்போது நறநறவென்று ஒரு பொய்ச் செய்தி விரலுக்கு வரும். ‘டிக்’ அதில் அமுங்கிப்போகும். 400 எண் உப்புத்தாளில் தொடங்கி 600, 1000, 2000 என்று ஏறிக்கொண்டே போய், தண்ணீர் தொட்டுத் தேய்க்கவேண்டும். தேய்ப்பது கம்பியின் நீளவாக்கில் மட்டும். குறுக்கே விழும் கீறல் பின்னில் மாட்டும். விரிசல் தொடங்க ஏற்ற இடமும் அதுவே. நுனியின் வடிவத்தை மாற்ற வேண்டாம், கூர் விளிம்பு மழுங்கினால் போதும். ரெஞ்சின் செருகும் முனையை மட்டும் மழமழப்பாக்க வேண்டாம். அங்கே பிடிப்புத்தான் தேவை. மின் சாணையில் வைப்பதைத் தவிர்ப்பது நல்லது. பதப்படுத்திய கார்பன் எஃகு நீலம் பாய்ந்தால் அந்த இடம் 300 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடேறியிருக்கிறது, கடினம் குறைந்திருக்கும் என்று பொருள்.

துருப்பிடிக்காத எஃகும் துருப்பிடிக்கும் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. அதைக் காப்பது மேற்பரப்பில் உருவாகும், சில நானோமீட்டர் தடிமனேயுள்ள குரோமியம் ஆக்சைடு படலம். விரல் வியர்வையின் உப்பில் உள்ள குளோரைடு அந்தப் படலத்தை அங்கங்கே துளைக்கும். பழகி முடித்ததும் உலர்ந்த துணியால் ஒரு துடைப்பு, ஈரமில்லாத இடத்தில் வைப்பு, இது போதும். கார்பன் எஃகு என்றால் மெல்லிய எண்ணெய்ப் பூச்சும் வேண்டும், எடுக்கும்போது அதைத் துடைத்துவிட வேண்டும். சாதாரண இரும்பு நாரால் துருப்பிடிக்காத எஃகைத் தேய்க்காதீர்கள். நாரின் துகள்கள் ஒட்டிக்கொண்டு அவை துருப்பிடிக்கும், பழி கம்பியின் மீது விழும். தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்பதால் நீண்ட நாள் அதிலேயே விட்டுவைப்பதும் சரியில்லை.

வளைந்த கம்பியை நிமிர்த்தலாமா? ஒருமுறை, மெதுவாக, விரலால் நிமிர்த்தலாம். வளைந்த இடத்தில் உலோகத்தின் படிக அடுக்குகள் நழுவிச் சிக்கிக்கொள்வதால் அந்த இடம் முன்னைவிடக் கெட்டியாகவும் முறியத் தோதாகவும் மாறுகிறது. அதே இடத்தில் மறுபடி வளைந்தால் தூக்கிப் போட்டுவிடுவதே நல்லது. சாவித்துளைக்குள் முறிந்த நுனியை வெளியே எடுப்பது பூட்டைத் திறப்பதைவிடப் பாடு.

பழகும் பூட்டுக்கும் கொஞ்சம் கவனிப்பு வேண்டும். கிராஃபைட் பொடி அல்லது உலர் டெஃப்லான் மசகு, இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். கிராஃபைட் போட்ட பூட்டில் எண்ணெய் விட்டால் இரண்டும் குழைந்து பின்களை ஒட்டவைத்துவிடும். உள்ளே தெரியும் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் பூட்டு, பின்கள் எப்படி நகர்கின்றன என்று பார்க்க அருமை. விரலுக்குப் பயிற்சி தர அது போதாது, அதன் உடல் அதிர்வை மழுங்கடிக்கும். பித்தளைப் பூட்டு ஒன்று தனியாக இருக்கட்டும்.

அந்தப் பூட்டு உங்களுடையதாகவோ உரியவர் சம்மதித்ததாகவோ இருக்கவேண்டும். உங்களுடையதே ஆனாலும் பயன்பாட்டில் உள்ளதாக இருக்கக்கூடாது. இரண்டாவது விதிக்குக் காரணம் நேரடியானது. சாவியில்லாமல் உருளை பாதிச் சுற்றுக்குப் போகும்போது, சில பூட்டுகளில் ஸ்பிரிங் மேல் பின்னைச் சாவித்துளைக்குள்ளேயே தள்ளிவிடும். அப்போது கையில் சரியான சாவி இருந்தாலும் அது உள்ளே போகாது. வாசல் கதவில் இதைச் சோதித்துப் பார்ப்பது வினையை விலைக்கு வாங்குவதாகும். இந்தக் கருவிகளை வைத்திருப்பது பற்றிய சட்டமும் நாட்டுக்கு நாடு மாறும். வாங்கும் முன் அதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கருவி எப்போது என்பதை முதல் ஹூக்கே சொல்லிவிடும். தாழ்ந்து நிற்கும் பின் ஒன்றுக்குப் பின்னால் உயரத் தூக்கவேண்டிய பின் இருந்து, ஹூக்கின் தண்டு முன்னால் உள்ள பின்னை இடிக்காமல் அங்கே எட்ட முடியவில்லை என்றால், கழுத்து உயர்ந்த ஹூக் ஒன்று தேவைப்படுகிறது. துளையில் கம்பி திரும்பவே இடமில்லை என்றால் 0.4 தடிமனில் அதே வடிவம். இந்த இரண்டு தடங்கலும் வராதவரை கடைப்பக்கம் போக அவசரமில்லை.