ஷாட்: சுட்டதா, பிடித்ததா, சுட்டியதா?

‘தி டார்க் நைட்’ (2008) என்ற பேட்மேன் படம் ஒரு வங்கிக் கொள்ளையோடு தொடங்கும். அந்தத் தொடக்கத்தை ஒரு பயிலரங்கில் போட்டுக் காட்டிவிட்டு, “ஜன்னல் கண்ணாடி உடைகிற வரைக்கும் எத்தனை ஷாட்?” என்று கேட்டேன். பாதிப் பேர் இரண்டு என்றார்கள். ஒருவர் மூன்று என்றார். உண்மையில் ஒன்றுதான். நகரத்துக்கு மேலே பறந்தபடி கேமரா ஒரு கண்ணாடிக் கட்டடத்தை மெதுவாக நெருங்குகிறது. திடீரென்று ஒரு ஜன்னல் வெளிப்பக்கமாகச் சிதறுகிறது. நடுவில் வெட்டே கிடையாது. சத்தம்தான் ஆட்களை ஏமாற்றிவிட்டது. காது அதிர்ந்ததைக் கண் வெட்டாகக் கணக்கெடுத்துக்கொண்டது.

சரி, ஷாட் என்றால் என்ன? படப்பிடிப்புத் தளத்தில் கேட்டால், கேமரா ஓடத் தொடங்கியதிலிருந்து நிற்கிற வரைக்கும் பதிவாவது. எடிட்டிங் மேசையில் கேட்டால், ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடையில் இருப்பது. தளத்தில் எடுத்த ஒரே ஷாட் மேசையில் ஐந்தாறு துண்டாகலாம். அதையே திரும்பத் திரும்ப எடுத்தால் ஒவ்வொரு முறையும் ஒரு டேக். பல ஷாட் சேர்ந்தால் சீன். தளத்தில் இதையெல்லாம் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. “ஷாட் ரெடி சார்” என்று உதவி இயக்குநர் வந்து சொல்வதற்கு அகராதி தேவையில்லை. குழப்பம் தமிழில் எழுத உட்காரும்போதுதான் வருகிறது: ஷாட்டுக்கு என்ன சொல் போடுவது?

சொல்லின் பூர்வீகம் வேட்டைக்காடு. பழைய ஆங்கிலத்தில் எய்வது, எறிவது, விரைந்து பாய்வது என்று பொருள்படும் வினையிலிருந்து வந்த பெயர்ச்சொல் இது. முதலில் அம்பு, பிறகு துப்பாக்கி. ‘ஸ்னாப்ஷாட்’ என்று நாம் புகைப்படத்துக்குச் சொல்கிறோமே, அதுவும் வேட்டைக்காரர்களின் சொல்தான். குறி பார்க்க நேரமில்லாமல், பறவை எழும்பியதும் சட்டென்று சுடுவது. வானியலாளர் ஜான் ஹெர்ஷல் 1860இல் அதைப் புகைப்படத்துக்குப் பயன்படுத்தினார்.

துப்பாக்கிக்கும் கேமராவுக்கும் உள்ள உறவு சொல்லோடு நிற்கவில்லை. பிரான்ஸின் எத்தியேன் ழூல் மாரே என்ற உடலியல் ஆய்வாளர், பறவை எப்படிப் பறக்கிறது என்று பார்ப்பதற்காக 1882இல் ஒரு கருவி செய்தார். பார்வைக்கு அசல் துப்பாக்கி. தோளில் கட்டையை ஊன்றி, பறவையைக் குறி பார்த்து, விசையை அழுத்த வேண்டும். குண்டுக்குப் பதிலாக ஒரு நொடிக்கு 12 படங்கள் விழும். பறவைக்கு ஒன்றும் ஆகாது. அந்த நாளில் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போனவரைப் பார்த்த அக்கம்பக்கத்தார் என்ன நினைத்திருப்பார்கள் என்று எனக்கு எப்போதும் ஒரு யோசனை உண்டு.

இப்போது தமிழுக்கு வருவோம். ஆங்கிலம் படத்தைச் சுடுகிறது, நாம் பிடிக்கிறோம். படம் பிடித்தான், படம் எடுத்தான், படப்பிடிப்பு. மீன் பிடிப்பது, பட்டாம்பூச்சி பிடிப்பது மாதிரி. இந்த வேறுபாட்டை மறந்து ஷாட்டுக்குச் ‘சுடு’ என்ற வினையைக் கொண்டுவந்தால் கதையே மாறிவிடும். தமிழில் ‘சுட்ட படம்’ என்றால் எந்த நாட்டுப் படத்திலிருந்து சுட்டது என்றுதான் அடுத்த கேள்வி வரும்.

‘பிடிப்பு’ என்றே வைத்துக்கொள்ளலாமே என்றால், அது முழு வேலைக்குமான பெயராகிவிட்டது. ‘எடுப்பு’ டேக்குக்குத்தான் பொருத்தம். அதிகம் புழங்குவது காட்சி: அண்மைக் காட்சி, சேய்மைக் காட்சி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காட்சி ஏற்கெனவே சீனுக்குப் போய்விட்டது. “இந்தக் காட்சியில் பன்னிரண்டு காட்சிகள்” என்று எழுதினால் வாசிப்பவர் என்ன செய்வார்? லாங் ஷாட்டைத் ‘தொலைக்காட்சி’ என்று மொழிபெயர்த்த ஒருவரையும் எனக்குத் தெரியும். பாவம், அவர் மேல் தப்பே இல்லை. சட்டகம் என்பது ஃப்ரேம். அதை இதற்குப் போடக் கூடாது. காட்சித்துண்டு, படத்துண்டு என்பவை பரவாயில்லை. என்றாலும் துண்டு என்பது வெட்டிய பிறகு கிடைப்பது. தளத்தில் நிற்பவருக்கு அது உதவாது.

எனக்குப் பிடித்த சொல் ‘சுட்டு’. தொல்காப்பியம் “அ இ உ அம் மூன்றும் சுட்டு” என்கிறது. அவன் என்றால் தூரத்தில் இருப்பவன், இவன் என்றால் பக்கத்தில் இருப்பவன். உவன் இரண்டுக்கும் நடுவில். சேய்மைச் சுட்டு, அண்மைச் சுட்டு என்று இலக்கண வகுப்பில் மனப்பாடம் செய்தோமே, அவை அப்படியே லாங் ஷாட், க்ளோசப். நடுவில் இருக்கும் உகரம் மிட் ஷாட். தமிழ்நாட்டில் அந்த உகரம் பேச்சில் போய்விட்டது. யாழ்ப்பாணத்தில் ‘உது’, ‘உவன்’ இன்னும் உயிரோடு இருக்கின்றன. ஷாட் என்பது கடைசியில் என்ன? இயக்குநர் விரலை நீட்டி ‘அதைப் பார்’, ‘இதைப் பார்’ என்று காட்டுவதுதானே. போதாக்குறைக்கு, ‘சுட்டு’ என்பது ‘சுடு’ என்ற வினையின் எச்சமும்கூட. வேட்டைக்காரனும் உள்ளேயே ஒளிந்திருக்கிறான்.

‘தி டார்க் நைட்’ தொடக்கத்தில் இதை வைத்துப் பார்க்கலாம். முதல் ஷாட் முழுக்க ‘அது’. எங்கோ ஒரு கட்டடம், ஆயிரம் ஜன்னல்களில் ஒன்று. அது சிதறியதும் வெட்டி உள்ளே போகிறோம். கோமாளி முகமூடி போட்ட ஒருவன், கையில் சைலன்சர் மாட்டிய துப்பாக்கி. ஆக, ஜன்னலை உடைத்தது குண்டு. படத்தின் முதல் ஷாட்டை முடித்து வைப்பதே ஒரு ஷாட்தான்! துப்பாக்கியின் சத்தம் அமுக்கப்பட்டதால் நம் காதில் விழுவது கண்ணாடியின் சத்தம். காரியம் காதுக்கு முதலில் வருகிறது, காரணம் கண்ணுக்குப் பிறகு வருகிறது. வெட்டு அந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஷாட் என்ற அளவுகோல் படத்துக்குத்தான், ஒலிக்கு அது பொருந்தாது. அடியில் ஓடும் இசை எந்த வெட்டையும் மதிப்பதில்லை. ஹான்ஸ் ஸிம்மரும் ஜேம்ஸ் நியூட்டன் ஹாவர்டும் சேர்ந்து செய்த பின்னணி இசை அது. கொள்ளைக்காரர்கள் கம்பியில் தொங்கிப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போனாலும், கேமரா தெருவுக்கு இறங்கினாலும், அந்தத் துடிப்பு நம்மை விடுவதில்லை. அந்த வங்கிக் கொள்ளையை ஐமேக்ஸ் என்ற பெரிய அளவு ஃபிலிமில் எடுத்தார்கள். ஐமேக்ஸ் கேமரா ஓடும்போது இரைச்சல் அதிகம்; பக்கத்தில் மைக் வைத்தால் அதுதான் பதியும். எனவே இந்த மாதிரிப் படங்களில் நாம் கேட்கும் ஒலியில் பெரும்பகுதி பிறகு ஒலிக்கூடத்தில் அடுக்கியது. இந்தப் படத்தின் ஒலித்தொகுப்புக்காக ரிச்சர்ட் கிங் ஆஸ்கர் வாங்கினார். படத்தைச் சுடலாம், பிடிக்கலாம், சுட்டலாம். ஒலியை மட்டும் எல்லா மொழிக்காரர்களும் கோர்க்கத்தான் செய்கிறார்கள்.

‘சுட்டு’ தளத்தில் எடுபடுமா? எடுபடாது. “சுட்டு ரெடி சார்” என்று சொன்னால் டீக்கடை வரைக்கும் சிரிப்பார்கள். ஷாட் என்ற சொல் நம் ஊர் நாக்கில் பழகிவிட்டது, அங்கே அது இருக்கட்டும். விமர்சனமோ பாடநூலோ எழுதும்போது அண்மைச்சுட்டு, இடைச்சுட்டு, சேய்மைச்சுட்டு என்று எழுதிப் பார்க்கலாம். வாசிப்பவருக்கு விளக்கம் தேவைப்படாது.

நகரும் ஷாட்டுக்கு என்ன சொல்வது என்று அந்தப் பயிலரங்கிலேயே ஒரு பெண் கேட்டார். அதற்கும் அந்தத் தொடக்கத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. தெருமுனையில் ஒருவன் நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறான். கேமரா பின்னாலிருந்து நெருங்குகிறது. முதலில் அவன். கொஞ்சம் கிட்டே போனதும் உவன். அப்புறம் கேமரா அவன் முகத்துக்குப் போகாமல் தொங்கும் கைக்குப் போகிறது. கையில் இது, ஒரு கோமாளி முகமூடி. ஒரே ஷாட்டில் மூன்று சுட்டும் முடிந்துவிடுகின்றன. கார் வந்து நிற்கிறது, ஏறிக்கொள்கிறான். முகத்தை நமக்கு இன்னும் காட்டவில்லை.