பார்சலின் மேல் ‘கிஃப்ட்’ என்று எழுதினால் வரி போய்விடாது

வெளிநாட்டு இணையக் கடைக்காரருக்கு “பில்லில் விலையைக் குறைத்துப் போடுங்கள், மேலே கிஃப்ட் என்று எழுதிவிடுங்கள்” என்று மெசேஜ் அனுப்பும் பழக்கம் உள்ளவர்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். சென்னையில் சுங்கத் தரகர் தொழிலில் இருக்கிறேன். மீனம்பாக்கம் ஏர் கார்கோவில் பார்சல் மாட்டிக்கொண்டது என்று எனக்கு வரும் போன்களில் பெரும்பாலானவை இந்த ஒரு மெசேஜால் வருபவை.

சமீபத்தில் ஒரு தம்பி. கல்யாண போட்டோ எடுக்கிறவர், வெளிநாட்டில் ஒருவரிடம் பழைய லென்ஸ் ஒன்றை இணையத்தில் வாங்கியிருக்கிறார். இவர் கேட்டுக்கொண்டபடியே விற்றவரும் 25 டாலர், கிஃப்ட் என்று ஒட்டி அனுப்பிவிட்டார். அதிகாரி பெட்டியைத் திறந்தால் லென்ஸ் உறைக்கு அடியில் நாலாக மடித்த ஆர்டர் சீட்டு. அதில் உண்மையான விலை, இவர் பெயர், கார்டின் கடைசி நாலு எண் எல்லாம் இருக்கிறது. சீட்டு இல்லாவிட்டாலும் தப்பியிருக்க முடியாது, மாடல் நம்பரை போனில் தட்டினால் விலை வந்து நிற்கும். அப்புறம் என்ன, சொன்ன மதிப்பைத் தள்ளிவிட்டு உண்மை விலைக்கு வரி, பொருளை விடுவிக்க ஒரு தொகை, தனியாக அபராதம், கிடந்த நாளுக்கெல்லாம் டெமரேஜ் என்கிற கிடங்குக் கட்டணம். “எல்லாரும் இப்படித்தான் சார் போடுறாங்க” என்றார். போடுகிறார்கள்தான். ஐரோப்பாவுக்குள் வரும் சின்ன பார்சல்களில் 65 சதவீதம் வரை விலையைக் குறைத்துக் காட்டுகின்றன என்று ஐரோப்பிய ஆணையமே மதிப்பிட்டிருக்கிறது. அதைச் சொல்லி நம் ஊர்க் கவுன்ட்டரில் யாரும் தப்பிக்க முடியாது.

முதலில் இந்த கிஃப்ட் விவகாரத்தை முடித்துவிடுவோம். 5,000 ரூபாய் வரை அன்பளிப்புக்கு வரி கிடையாது என்பது ஒரு காலத்தில் உண்மை. அதைப் பார்த்துவிட்டு வெளிநாட்டு விற்பனை ஆப்கள் வியாபாரச் சரக்கையே ஆளுக்கொரு கிஃப்டாகப் பிரித்து அனுப்ப ஆரம்பித்தன. 2019 டிசம்பரில் அந்தக் கதவை மூடிவிட்டார்கள். அஞ்சலிலோ கூரியரிலோ கிஃப்ட் என்று சொல்லி வரியில்லாமல் எடுக்கக்கூடியவை அன்றிலிருந்து இரண்டே இரண்டு: உயிர்காக்கும் மருந்து, ராக்கிக் கயிறு. ராக்கியோடு சேர்த்து அனுப்பும் ஸ்வீட் பெட்டிக்குக்கூட இந்தச் சலுகை இல்லை. வேறு எதுவானாலும் முழு வரி கட்டினால் எடுத்துக்கொள்ளலாம். சிங்கப்பூரில் இருக்கும் உங்கள் அண்ணன் பாசத்தோடு, உங்களிடம் ஒரு பைசா வாங்காமல் அனுப்பிய வாட்சுக்கும் இதேதான். காசு கொடுத்து வாங்கினீர்களா, சும்மா வந்ததா என்பது இங்கே கேள்வியே இல்லை, பொருளின் மதிப்பு என்ன என்பதுதான் கேள்வி. இதை எத்தனை முறை சொன்னாலும் “ஆனா சார், இது நிஜமாவே கிஃப்ட்” என்கிறார்கள். நிஜமான கிஃப்டுக்கும் வரி உண்டு!

அடுத்து, “50,000 வரைக்கும் ஃப்ரீதானே?” என்பார்கள். அது பயணி தன் கையோடு கொண்டுவரும் பேக்கேஜுக்கு. 2026இல் அதை 75,000 ஆக்கினார்கள். விமானத்திலிருந்து இறங்கி வரும் மனிதருக்குத்தான் அந்தச் சலுகை, ஆள் இல்லாமல் தனியாக வரும் பார்சலுக்கு இல்லை. யூடியூபில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி வீடியோ போடுகிறவர்களால் எனக்கு வேலை கூடியிருக்கிறதே தவிர, பார்க்கிறவர்களுக்கு ஒரு ரூபாய்கூட மிச்சமாகவில்லை. மற்றப் பார்சல்களுக்கு இருக்கிற ஒரே தளர்வு, கணக்குப் போட்டு வரும் வரி 100 ரூபாயோ அதற்குக் குறைவோ என்றால் வசூலிக்க மாட்டார்கள். பழைய பொருள், ஒரே ஒரு பொருள், சொந்த உபயோகம், எதைச் சொன்னாலும் வரி வரிதான். அனுப்பிய செலவும் மதிப்பில் சேரும்.

சட்டப்படி இறக்குமதியாளர் நீங்கள். கூரியர்காரர் உங்கள் ஆதார், பான் நகலை வாங்கிக்கொண்டு பில் ஆஃப் என்ட்ரி என்கிற இறக்குமதிக் கணக்கைத் தாக்கல் செய்வது உங்கள் பெயரில். சீனாவிலோ துபாயிலோ உட்கார்ந்து விலையை மாற்றி எழுதியவர் நிம்மதியாக இருப்பார், நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும்.

இது நியாயமா என்றால், நியாயம் இல்லை. அதையும் சொல்ல வேண்டும். நம் சுங்கச் சட்டம் 1962இல் வந்தது. இறக்குமதியாளர் என்றால் ஆபீஸும் கணக்குப்பிள்ளையும் வைத்துக்கொண்டு கப்பலில் சரக்கு இறக்குகிறவர் என்று நினைத்து எழுதியது. இன்று மதுரையில் போன் கவர் வாங்கும் காலேஜ் பெண்ணும் இறக்குமதியாளர். பொருள் என்ன, விலை என்ன, எந்த முகவரிக்குப் போகிறது என்று எல்லாம் தெரிந்து, பணத்தையும் முன்னாலேயே வாங்கிக்கொள்வது விற்பனைத் தளம். பொறுப்பு மட்டும் எதுவும் தெரியாத அந்தப் பெண் தலையில். விற்கும் இடத்திலேயே வரியைப் பிடிக்கச் சொன்னால் பாதிப் பிரச்சினை தீரும். இதெல்லாம் நடக்காத காரியம் இல்லை. ஆயிரம் ஆஸ்திரேலிய டாலர் வரையிலான பொருளுக்கு ஜிஎஸ்டியை விற்பனைத் தளமே வசூலிக்க வேண்டும் என்று ஆஸ்திரேலியா 2018இலேயே கொண்டுவந்துவிட்டது. 2021 ஜூலையில் ஐரோப்பா 22 யூரோவுக்குக் கீழே இருந்த வாட் விலக்கை எடுத்துவிட்டு, விற்கும்போதே வரியை வாங்க வழி செய்தது. 2023இல் சிங்கப்பூர், 2024இல் மலேசியா. அங்கே இருக்கும் சொந்தக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், காசு கட்டும் பக்கத்திலேயே வரி தெரிந்துவிடுகிறது. அங்கே பெரும்பாலும் ஜிஎஸ்டி, வாட்தான் இப்படி வசூலாகிறது. நாம் சுங்க வரியையும் சேர்த்தே செய்யலாம் என்பது என் கருத்து.

விலக்கு வரம்பை ஒரேயடியாக உயர்த்துங்கள் என்று கேட்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அமெரிக்கா 2016இல் 800 டாலர் வரை வரியில்லாமல் விட்டுவிட்டது. 2024 நிதியாண்டில் அந்த வழியில் நுழைந்த பார்சல்கள் 136 கோடி. யார் திறந்து பார்ப்பார்கள்? கடைசியில் 2025 ஆகஸ்ட் 29இல் எல்லா நாட்டுக்கும் சேர்த்துச் சட்டென்று மூடினார்கள். வரியை யார் வசூலிப்பது, எப்படிக் கட்டுவது என்று தெளிவில்லாமல் நம் அஞ்சல் துறை ஆகஸ்ட் 25 முதல் அமெரிக்கப் பார்சல்களை எடுப்பதையே நிறுத்தி, வரியை இங்கேயே முன்கூட்டிக் கட்டும் ஏற்பாட்டோடு அக்டோபர் 15இல்தான் மறுபடி ஆரம்பித்தது. வீட்டிலிருந்தபடி நகையும் துணியும் அனுப்பிச் சம்பாதிக்கும் பெண்கள் அந்த ஏழு வாரம் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஐரோப்பாவோ 150 யூரோவுக்குக் கீழே உள்ள பார்சலுக்கு 2026 ஜூலை 1 முதல் பொருளுக்கு 3 யூரோ சுங்க வரி என்று முந்தைய டிசம்பரிலேயே முடிவு செய்து சொல்லிவிட்டது. மாற்றம் என்றால் இப்படி முன்னாலேயே சொல்லிச் செய்ய வேண்டும்.

2026 பட்ஜெட்டில் சொந்த உபயோகப் பொருளுக்கான சுங்க வரி விகிதத்தை 20இலிருந்து 10 சதவீதமாகக் குறைத்ததும், கூரியர் ஏற்றுமதிக்கு இருந்த 10 லட்சம் ரூபாய் உச்சவரம்பை எடுத்ததும் நல்ல விஷயங்கள். விகிதம் குறைந்ததால் பொய் சொல்லும் ஆசையும் கொஞ்சம் குறையும். ஆனால் முறை அப்படியேதான் இருக்கிறது. அந்த 100 ரூபாய் வரம்பையாவது நியாயமான அளவுக்கு ஏற்றினால், ஒரு சாக்ஸ் ஜோடிக்கு மதிப்புப் போடும் அதிகாரி செலவழிக்கும் நேரத்தைச் சந்தேகமான பெட்டிக்குச் செலவழிக்கலாம். திருப்பி அனுப்புவதும் அப்படித்தான். சைஸ் சரியில்லை என்று சட்டையைத் திருப்பி அனுப்பினால் கட்டிய வரியில் 98 சதவீதம் வரை திரும்பப் பெற சுங்கச் சட்டத்தின் 74ஆவது பிரிவில் வழி இருக்கிறது, ஆனால் அதற்கான காகித வேலையை ஒரு சட்டைக்காக யார் செய்வார்கள்?

சட்டம் மாறும்வரை உங்கள் பக்கம் செய்ய வேண்டியதைச் செய்யுங்கள். விற்பவரிடம் உண்மை விலையைப் போடச் சொல்லுங்கள், “மாற்றிப் போடட்டுமா?” என்று அவரே கேட்டாலும் வேண்டாம் என்று எழுத்தில் சொல்லுங்கள். ஆர்டர் பக்கத்தின் ஸ்க்ரீன்ஷாட், பணம் கட்டிய ரசீது இரண்டையும் பொருள் கைக்கு வரும்வரை அழிக்காதீர்கள். தள்ளுபடியில் வாங்கியிருந்தால் அதுதான் உங்களுக்கு ஒரே துணை. ட்ரோன் வாங்காதீர்கள், 2022 பிப்ரவரியிலிருந்து இறக்குமதிக்குத் தடை. இ-சிகரெட் 2019 முதலே தடை. விதை, செடி, வயர்லெஸ் கருவி என்றால் வாங்குவதற்கு முன்னாலேயே கேளுங்கள், அவற்றுக்கு வரியை விட அனுமதிதான் பெரிய தலைவலி. அம்மா அப்பாவுக்கு மருந்து வரவழைக்கிறவர்களிடம் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: டாக்டர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆர்டர் போடுங்கள். குளிரில் வைக்க வேண்டிய ஊசி மருந்து சீட்டுக்காகக் காத்துக் கெட்டுப்போவதைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. “உங்கள் பார்சல் கஸ்டம்ஸில் இருக்கிறது, இந்த நம்பருக்கு ஜிபே பண்ணுங்கள்” என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். சுங்கத் துறை யாருடைய சொந்தக் கணக்குக்கும் பணம் கேட்காது. அவர்கள் அனுப்பும் கடிதத்தில் டின் என்ற ஆவண எண் இருக்கும், சிபிஐசி என்கிற மத்திய மறைமுக வரி, சுங்க வாரியத்தின் இணையதளத்தில் போட்டுச் சரிபார்க்கலாம். நீங்கள் ஆர்டரே போடாத பார்சலுக்கு வரி கேட்டால் அது மோசடி, போதைப்பொருள் இருக்கிறது, வீடியோ காலில் விசாரணை என்று மிரட்டினாலும் மோசடிதான். ஏமாந்து பணம் போய்விட்டால் வீட்டில் சொல்ல வெட்கப்பட்டு ஒரு நாளைக் கடத்தாதீர்கள், உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அடியுங்கள்.